அம்மை, அக்கி, பி வகைக் காமாலை: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு நேரக் கணக்கு

சின்னம்மைக்கு 24 மணி நேரம். அக்கிக்கு 72 மணி நேரம். பிறந்த குழந்தைக்குப் போடும் ஹெபடைட்டிஸ் பி ஊசிக்கு மறுபடியும் 24 மணி நேரம். மரபுச் செய்தியை டி.என்.ஏ.வாகச் சுமக்கும் வைரஸ்கள், அதாவது டி.என்.ஏ. வைரஸ்கள், தரும் நோய்களில் எந்த மருந்து என்பதைவிட, அது எந்த மணிக்குள் உடம்புக்குள் போகிறது என்பதே பல சமயம் பெரிய கேள்வி. கோவையில் இருப்பவருக்கு இது பெரிய பாடில்லை. கிண்ணக்கொரையிலோ, பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் லயனிலோ, கொடைக்கானல் மேல்மலையில் கிளாவரையிலோ இருப்பவருக்கு ஒரு பேருந்து தவறினால் அரை நாள் போய்விடும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைத்தால் அந்த அரை நாளும் நம் கையில் இல்லை. ஆகவே எதற்கு உடனே கிளம்ப வேண்டும், எதை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருப்பவர்கள், கிராம சுகாதாரத் தன்னார்வலர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோரை நினைத்து எழுதியது இது.

ஏன் இந்த அவசரம்

ஃப்ளூ, கொரோனா, தட்டம்மை எல்லாம் ஆர்.என்.ஏ. வைரஸ்கள். சின்னம்மை, ஹெர்பிஸ், ஹெபடைட்டிஸ் பி, கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி., மெட்ராஸ் ஐ தரும் அடினோ, பார்வோ பி19 ஆகியவை டி.என்.ஏ. வைரஸ்கள். நமக்கு இதில் இரண்டு விஷயம் முக்கியம்.

முதலாவது, டி.என்.ஏ. வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது பிழை குறைவு. அதனால் ஃப்ளூவைப் போல வருடத்துக்கு வருடம் முகம் மாறாது. தடுப்பூசி ஒருமுறை சரியாக வேலை செய்தால் பல்லாண்டு நிற்கும். இரண்டாவது விஷயம்தான் தொல்லை. இவற்றில் பல நம் செல்லின் உட்கருவுக்குள் போய்க் குடியேறிவிடும். சின்னம்மை ஆறினாலும் வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தூங்கிக் கிடக்கும். வயதான பிறகு அக்கியாக எழும். ஹெபடைட்டிஸ் பி தன் டி.என்.ஏ.வை வளையமாக முடிந்து ஈரல் செல்லுக்குள் வைத்துக்கொள்ளும். உள்ளே போய்விட்டதை வெளியேற்ற இன்று கையிலிருக்கும் மருந்துகளால் முடியாது. அவை செய்வதெல்லாம் வைரஸ் பெருகுவதைத் தடுப்பதுதான். பெருகி முடித்த பிறகு கொடுத்தால் தடுப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. மணிக்கணக்கு பார்ப்பது இதனால்தான்.

பெரியம்மை இதில் விதிவிலக்கு. அதுவும் டி.என்.ஏ. வைரஸ்தான், ஆனால் செல்லுக்குள் போனாலும் உட்கருவுக்கு வெளியிலேயே பெருகும், பதுங்காது, விலங்குகளிலும் தங்காது. அதனால்தான் அதை ஒழிக்க முடிந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975இல். உலகத்திலிருந்தே போய்விட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். இன்று யாராவது "பெரியம்மை போட்டிருக்கு" என்றால் பெரும்பாலும் அது கடுமையான சின்னம்மைதான்.

சின்னம்மை

நம் ஊரில் அம்மை என்ற ஒரே சொல்லில் நாலைந்து நோய்கள் அடங்கிவிடுகின்றன. பொன்னுக்கு வீங்கியும் தட்டம்மையும் ஆர்.என்.ஏ. வைரஸ்கள், வேறு கதை. தட்டம்மையில் மூக்கொழுகல், கண் சிவப்பு, இருமல் மூன்று நான்கு நாள் இருந்து, பிறகு காதுக்குப் பின்னாலிருந்து தட்டையான சிவப்புத் தடிப்பு இறங்கும். சின்னம்மையில் நெஞ்சு, முதுகு, முகம் என்று தொடங்கி நீர்க்கொப்புளம் வரும். ஒரே இடத்தில் புதுச் சிவப்புப் புள்ளி, நீர் கோத்த கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றும் கலந்து இருப்பதுதான் அடையாளம். உள்ளங்கை, பாதம், வாய் மூன்றில் மட்டும் இருந்தால் தக்காளிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் கை-கால்-வாய் நோயை நினையுங்கள். கொப்புளங்கள் எல்லாம் ஒரே பருவத்தில், கெட்டியாக, உள்ளங்கையிலும் சேர்ந்து இருந்தால், அதிலும் வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு இருந்தால், குரங்கம்மையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

முதல் கொப்புளம் தெரிந்த தேதியை நாட்காட்டியில் எழுதுங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அந்தக் குழந்தை மற்றவர்களுக்கு நோயைப் பரப்பிக்கொண்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டுவதற்கு முன்பே பரவல் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரே வீட்டில் இருக்கும், இதுவரை அம்மை வராத, ஊசி போடாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வரும். தொற்றிய நாளிலிருந்து 10 முதல் 21 நாளுக்குள் வெளிப்படும். காற்றிலேயே பரவுவது என்பதால் ஒரே அறையில் துணி மறைப்புக் கட்டி ஒருவரைப் பிரித்து வைப்பது கண்ணுக்குத்தான் தடுப்பு. லயன் வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? பகலில் சன்னலைத் திறந்து வைக்கலாம், ஆபத்துள்ளவர்களை வேறு வீட்டுக்கு மாற்றலாம். முடிவது இந்த இரண்டும்தான்.

ஆகவே முதல் நாள் செய்ய வேண்டிய வேலை, நோயாளியைச் சுற்றி இருப்பவர்களைக் கணக்கெடுப்பது.

அம்மை வராத கர்ப்பிணி இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அவருக்கு நோய் வந்தால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரலாம். நோய் வராமல் தடுக்க எதிர்ப்புப் புரதம் கொண்ட தனி ஊசி உண்டு, பத்து நாளுக்குள் போட வேண்டும், எவ்வளவு முன்னதாகப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்வரை தாய்க்குக் கொப்புளம் கண்டால், பிறக்கும் சிசுவுக்குத்தான் பெரிய ஆபத்து. தாயின் எதிர்ப்புச் சக்தி போய்ச் சேரும் முன் வைரஸ் போய்ச் சேர்ந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களும் இதே வரிசை. அம்மை வராத, கர்ப்பமில்லாத, ஆரோக்கியமான மற்றவர்களுக்குச் சின்னம்மைத் தடுப்பூசியை மூன்று நாளுக்குள், தவறினால் ஐந்து நாளுக்குள் போட்டால் நோய் வராமல் போகலாம், வந்தாலும் லேசாகப் போகும். இந்த ஊசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். உயிருள்ள வைரஸ் ஊசி என்பதால் கர்ப்பிணிக்குக் கூடாது.

பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவருக்குச் சின்னம்மை வந்தால், வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் அசைக்ளோவிர் மாத்திரை வேண்டுமா என்று முதல் 24 மணி நேரத்துக்குள் மருத்துவரைக் கேளுங்கள். சிறு குழந்தை லேசாகக் கடந்துவிடுவதைப் பெரியவர் அப்படிக் கடப்பதில்லை. "அம்மைக்கு மருந்து சாப்பிட்டால் அம்மன் கோவிப்பாள்" என்று மூன்று நாள் காத்திருந்து நான்காம் நாள் மூச்சுத் திணறி வருபவர்கள் பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டிய ஆண்கள், அதிலும் பீடி சிகரெட் பிடிப்பவர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஈரலையும் மூளையையும் தாக்கும் ரை நோய்க்குறியை அது கொண்டுவரலாம். ஐபுபுரோஃபனும் வேண்டாம், கொப்புளத்தில் பாக்டீரியா புகுந்து ஆழமாக இறங்குவதோடு அதற்குத் தொடர்பு உண்டு. கடையில் "காய்ச்சலுக்கு ஏதாவது" என்று வாங்கும் சிரப்பில் பாராசிட்டமாலோடு ஐபுபுரோஃபனும் கலந்திருக்கக்கூடும், பின்னால் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். பாராசிட்டமால் அளவு குழந்தையின் எடை கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணிக்கொரு முறை, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் போகக் கூடாது. 12 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 5 மில்லியில் 125 இருக்கும் சிரப்பில் 6 மில்லி. 5 மில்லியில் 250 இருக்கும் சிரப்பில் 3 மில்லி. 1 மில்லியில் 100 இருக்கும் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. தவறு நடப்பது இங்கேதான். சிரப் தீர்ந்து சொட்டு மருந்து வாங்கி, பழைய பழக்கத்தில் 6 மில்லி ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போய்விடும்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஸ்வெட்டரின் கம்பளி நேராகக் கொப்புளத்தில் பட்டால் அரிப்பு ஏறும், உள்ளே ஒரு பழைய பருத்திச் சட்டை போட்டுவிடுங்கள். மலைக் குளிரில் நான்கைந்து போர்வை போர்த்தினால் உடம்பு வியர்த்து அரிப்பு இரட்டிப்பாகும். அரிப்புக்குக் காலமைன், இரவில் தூக்கம் கெட்டால் மருத்துவர் சொல்லும் அளவில் செட்ரிசின். இளஞ்சூட்டு வெந்நீரில் தினமும் உடம்பு கழுவலாம். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பொருக்கு உதிரும்வரை தண்ணீரே படக் கூடாது என்று பத்து நாள் வைத்திருப்பதால்தான் அழுக்கில் சீழ் பிடிக்கிறது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்கை விட்டுவிட வேண்டியதில்லை. கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கான பிறகு அதை வைத்துக்கொண்டால், பள்ளிக்கு அனுப்பும் நாளும் அதுவும் ஒன்றாக அமையும். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளில் அந்த நிலை வந்துவிடும்.

வேப்பிலை பற்றிக் கேட்பார்கள். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் வேம்பு நன்றாக வளர்வதில்லை, மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ கொண்டுவந்த கொத்துதான் வாசலில் தொங்கும். கழுவிய இலையால் அரிப்பெடுத்த இடத்தை மெல்ல வருடுவதில் கெடுதல் இல்லை, நகத்தால் சொறிவதைவிட எவ்வளவோ மேல். அரைத்த விழுதை உடைந்த கொப்புளத்தில் அப்பக் கூடாது. வேப்பெண்ணெயைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுப்பது நஞ்சு, வலிப்பு வந்து மூளை வீங்கிய குழந்தைகள் உண்டு.

பத்தியம் என்று கஞ்சியும் இளநீரும் மட்டும் கொடுத்துப் பத்து நாள் போட்டால் குழந்தை இன்னும் இளைக்கும். பருப்பு, முட்டை, தயிர் எல்லாம் கொடுக்கலாம். வாய்க்குள் புண் இருந்தால் காரமும் புளிப்பும் எரியும், அதற்கு மட்டும் ஒதுக்குங்கள். குளிரில் குழந்தை தானாகத் தண்ணீர் கேட்காது. ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால் தண்ணீர் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை, வைரஸோடு சம்பந்தமில்லாதது. நோயாளிக்குக் குளிருமே என்று கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரி எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும், அதற்கு வாசனை கிடையாது.

மலையிறங்க வேண்டிய அறிகுறிகள்: நான்காம் நாளுக்குப் பிறகு காய்ச்சல் மறுபடி ஏறுவது, ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, வலியோடு பரவுவது, கொப்புளத்துக்குள் ரத்தம், விடாத வாந்தி, பிதற்றல், எழுப்ப முடியாத தூக்கம், நடக்கும்போது குடித்தவர்போலத் தள்ளாடுவது, பெரியவருக்கு இருமலும் மூச்சிரைப்பும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40, இந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், விரலைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு மாட்டுங்கள், விறைத்த விரல் பொய் எண் காட்டும். ஊட்டி உயரத்தில் ஆரோக்கியமானவருக்கே சமவெளியைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பதறாமல், வீட்டில் நோயில்லாத ஒருவருக்கும் மாட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள். நோயாளியின் எண் மணிக்கு மணி இறங்குகிறதா என்று பாருங்கள்.

அக்கி

அம்மை வந்து போனவர்களுக்கு, பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல், நரம்பில் தூங்கிய அதே வைரஸ் விழிப்பதுதான் அக்கி. கொப்புளத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஒரு பக்கமாக எரிச்சலும் குத்தலும் தொடங்கும். கொழுந்து பறிப்பவர் கூடைக் கயிறு அழுத்திய வலி என்று நினைப்பார், நெஞ்சில் வந்தால் மாரடைப்பு என்று பயப்படுவார், இடுப்பில் வந்தால் சிறுநீரகக் கல். பிறகு ஒரு நரம்பின் பாதையில், உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாமல், பட்டையாகக் கொப்புளம் வரும். வலது பக்கம் என்றால் வலது பக்கம் மட்டும். முதல் கொப்புளத்திலிருந்து 72 மணி நேரம்தான் கணக்கு.

இந்த 72 மணியைத் தின்பது காவி. குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொள்வது தலைமுறைப் பழக்கம். கொப்புளம் எப்படியும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாக ஆறிவிடும், அதனால் எழுதியவருக்கு நல்ல பெயர். ஆறிய பிறகு மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலிக்கு யாரும் அவரைக் குறை சொல்வதில்லை. செம்மண் பூச்சு வைரஸைத் தொடாது. தோல் சிவந்திருக்கிறதா, சீழ் கோத்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பதையும் மறைத்துவிடும். எழுதித்தான் ஆக வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் பிடிவாதம் பிடித்தால், சண்டை போட்டு ஒரு நாளைத் தொலைக்காதீர்கள். முதலில் மாத்திரை, புண் உடையாத இடத்தில் மட்டும் காவி என்று பேசி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மருத்துவர் எழுதுவது பொதுவாக இரண்டில் ஒன்று. அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து முறை, ஏழு நாள்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று சுவரில் எழுதி வைத்தால்தான் நடக்கும். அல்லது வாலாசைக்ளோவிர் 1000 மில்லிகிராம், நாளுக்கு மூன்று முறை, ஏழு நாள். விலை கொஞ்சம் கூடினாலும் வேலைக்குப் போகிறவருக்கு இது தவறாமல் சாப்பிட எளிது. ஐந்து வேளையை இரண்டு வேளையாகச் சுருக்கினால் பயனில்லை. சிறுநீரகக் கோளாறோ, சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கக்கூடிய நீண்ட நாள் சர்க்கரையோ இருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அதை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் மருந்து சிறுநீரகத்தில் படியாமல் இருக்கத்தான். அசைக்ளோவிர் களிம்பு அக்கிக்கு வீண் செலவு. வைரஸ் இருப்பது நரம்பில், களிம்பு நிற்பது தோலில்.

நெற்றியிலோ இமையிலோ அக்கி வந்தால் மூக்கு நுனியைப் பாருங்கள். அங்கே ஒரு கொப்புளம் இருந்தாலும் கண்ணுக்குள் போகும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அன்றைக்கே கண் மருத்துவர், 72 மணி எல்லாம் இதற்குக் கிடையாது. காதுக்குள் கொப்புளமும் முகம் ஒரு பக்கம் கோணுவதும் அதே அவசரம்.

அக்கி உள்ளவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கி ஒட்டாது. அம்மையே வராதவர் கொப்புள நீரைத் தொட்டால் அவருக்குச் சின்னம்மை வரலாம். பேரக்குழந்தையைத் தூக்கும் முன் மெல்லிய துணியால் மூடிக்கட்டினால் போதும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இரண்டு தவணையாக, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் போடுவது இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது, விலை அதிகம்தான்.

சிக்கிள் செல் உள்ள வீட்டில் பார்வோ பி19

இதை நீலகிரிக்காரர்கள் மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சிவப்பணுவை அரிவாள்போல வளைக்கும் சிக்கிள் செல் மரபணு இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952இல், இந்த மலைகளின் பழங்குடி மக்களிடம்தான். இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது.

பார்வோ பி19 மற்றக் குழந்தைகளுக்குக் கன்னம் அறைந்ததுபோலச் சிவக்கும் ஒரு சாதாரணக் காய்ச்சல். ஆனால் இந்த வைரஸ் பெருகுவது எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக மாறப்போகும் செல்களில்; ஒரு வாரம் பத்து நாள் சிவப்பணு உற்பத்தியே நின்றுவிடும். மற்றவர்களின் சிவப்பணு 120 நாள் வாழ்வதால் அந்த இடைவெளி தெரியாது. சிக்கிள் செல் நோயாளியின் சிவப்பணு 10 முதல் 20 நாள்தான் வாழும். வரத்து நின்று செலவு மட்டும் நடந்தால், 8 இருந்த ஹீமோகுளோபின் சில நாளில் 4க்கு இறங்கும்.

வலி இல்லாமல் வருவதுதான் இதில் ஏமாற்று. வழக்கமான சிக்கிள் செல் தாக்குதலில் கை கால் வலியால் குழந்தை கத்தும், வீடே கவனிக்கும். இதில் லேசான காய்ச்சல், பிறகு சோர்ந்து படுத்துக்கொள்ளும், விளையாடாது, உதடும் உள்ளங்கையும் வெளுக்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். "குளிருக்குச் சுருண்டு கிடக்கு" என்று விட்டுவிடக்கூடாது. இரத்தம் ஏற்ற வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும்.

அங்கே ஹீமோகுளோபினோடு ரெட்டிகுலோசைட் (மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த சிவப்பணு) எண்ணிக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிக்கிள் செல் நோயாளிக்கு அது எப்போதும் உயர்ந்திருக்கும். ஒரு சதவீதத்துக்கும் கீழே போயிருந்தால் மஜ்ஜை நின்றுவிட்டது. மண்ணீரல் திடீரென வீங்கி, ரெட்டிகுலோசைட் உயர்ந்திருந்தால் அது இரத்தம் மண்ணீரலில் தேங்கும் வேறொரு அவசரம். சிக்கிள் செல்லுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சியூரியா சாப்பிடுகிறவர் என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும், அந்த மருந்தும் எண்ணிக்கையைக் குறைக்கும். குழந்தையின் வழக்கமான ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பரிசோதனை அட்டையில் எழுதி வைத்திருப்பவருக்கு இங்கே பெரிய உதவி. ஒப்பிட எண் இருந்தால் மருத்துவர் முடிவெடுக்க நேரமாகாது. இரும்புச்சத்து டானிக் இதற்கு ஒன்றும் செய்யாது. இரத்தம் ஏற்றிக் காத்திருந்தால் மஜ்ஜை தானாக மீண்டுவிடும்.

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சிக்கிள் செல் இருந்தால், முதல் பிள்ளைக்கு வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் இரண்டாவதும் விழலாம். அதற்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கர்ப்பிணியை அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைக்காதீர்கள், கருவிலிருக்கும் சிசுவுக்கும் இதே இரத்தச்சோகை வரலாம்.

ஹெபடைட்டிஸ் பி

மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லிக்குப் போகிறோம். தண்ணீரால் வரும் ஏ, ஈ வகைகள் ஆர்.என்.ஏ. வைரஸ்கள், அவை பெரும்பாலும் தானாகவே தீரும். கீழாநெல்லியின் புகழில் பாதி அதனால் வந்தது. பி வகை இரத்தத்தாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து சேய்க்கும் பரவுவது. பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைக்கு அது வாழ்நாள் நோயாக நின்று, நாற்பது வயதில் ஈரல் சுருக்கமாகவோ புற்றாகவோ எழலாம். பெரியவருக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் நிற்கும். எல்லாக் கவனமும் பிரசவ நாளில் குவிவது அதனால்தான்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் 0.5 மில்லி, தொடையின் முன்பக்க வெளித்தசையில். பிறகு 6, 10, 14 வாரத்தில் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் இதுவும் சேர்ந்து வரும். தாய்க்கு நோய் இருப்பது தெரிந்திருந்தால் குழந்தைக்கு எதிர்ப்புப் புரதம் கொண்ட இம்யூனோகுளோபுலின் ஊசியும் 12 மணி நேரத்துக்குள் இன்னொரு தொடையில். அதற்குப் பிரசவத்துக்கு முன்பே தாயின் எச்.பி.எஸ். ஆன்டிஜென் (பி வகை இருக்கிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) முடிவு கையில் இருக்க வேண்டும். வைரஸ் அளவு அதிகமுள்ள தாய்க்குக் கர்ப்பத்தின் 28ஆவது வாரத்திலிருந்து, வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள். ஊசி போட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். வழியில் வண்டியிலோ வீட்டிலோ பிரசவமானால், தாயும் சேயும் நலம் என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள்; ஊசிக்கான நேரம் அங்கேதான் கரைகிறது.

சமவெளியில் தடுப்பூசிக்கு எதிரி வெயில். நம் மலையில் எதிரி உறைபனியும்கூட. ஹெபடைட்டிஸ் பி மருந்து அலுமினிய உப்பில் ஒட்டவைத்தது, பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போனாலே உறைந்து கெடும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாகும் விடியற்காலையில், இரவு முழுக்க வெளியே நின்ற வண்டியில் இருந்த ஊசிப் பெட்டி பிழைத்திருக்கும் என்று நம்ப முடியாது. குப்பியில் ஒட்டியிருக்கும் நிறம் மாறும் குறி வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. பெட்டிக்குள் வைக்கும் பனிக்கட்டி அட்டையை உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு அடுக்கக் கூடாது. வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை பொறுத்த பின்பே அடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஆட்டிப் பார்க்கும் சோதனை உண்டு. அதே தொகுதியில் ஒரு குப்பியை வேண்டுமென்றே கட்டியாக உறையவைத்து உருகவிடுங்கள். அதையும் சந்தேகக் குப்பியையும் சேர்த்துக் குலுக்கி, அசையாமல் அரை மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உறைந்தது அடியில் திட்டாகப் படியும், மேலே தெளியும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் அந்தத் தொகுதியைத் தூக்கி எறியுங்கள்.

இரத்தத்தில் இருக்கும் இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த நிலையிலும் ஏழு நாள் உயிரோடிருக்கும். சவரக் கத்தி, நகவெட்டி, பல் துலக்கி யாருடையதையும் யாரும் எடுக்கக் கூடாது. திருவிழாக் கடையில் பச்சை குத்தும் ஊசியைக் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். இரத்தம் சிந்திய இடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பிளீச்சிங் பவுடர், பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். மலை ஈரத்தில் திறந்து கிடந்த பவுடர் சீக்கிரம் செத்துவிடும். மூக்கைத் துளைக்கும் நெடி இல்லையென்றால் அது வெறும் சுண்ணாம்பு.

நோய் இருப்பது தெரிந்த பெரியவர் டெனோஃபோவிர் தொடங்கியிருந்தால், "நல்லாத்தானே இருக்கேன்" என்று தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்திய சில வாரங்களில் வைரஸ் ஒரே பாய்ச்சலில் எழும்பி ஈரலைச் சாய்த்துவிடக்கூடும். 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சித் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மற்றவை, சுருக்கமாக

எச்.பி.வி.யில் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் கருப்பைவாய்ப் புற்றில் ஏறக்குறைய எழுபது சதவீதத்துக்குக் காரணம். 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 15 வயதிலிருந்து மூன்று. ஊசி போட்டாலும் முப்பதுக்கு மேல் பரிசோதனை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பது சில நிமிட வேலை, வலி கிடையாது.

சிவந்த கண்ணில் ஒரு எச்சரிக்கை. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸ். இரண்டு கண்ணுக்கும் பரவும், ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறும். அடினோவுக்கு வெளியே கொழுப்பு உறை இல்லாததால் சானிடைசருக்கு எளிதில் மசியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள். ஒரே கண்ணில் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல் என்றால் ஹெர்பிஸாக இருக்கலாம். அதில் கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு விட்டால் முதல் நாள் சிவப்பு குறையும், பத்தாம் நாள் கருவிழி புண்ணாகித் தழும்பேறும். டெக்ஸா, பிரட்னி, பீட்டா என்று தொடங்கும் எந்தச் சொட்டையும் கண் மருத்துவர் பார்க்காமல் விடாதீர்கள்.

கடைசியாக ஆடு, எருமை வளர்ப்பவர்களுக்கு. மன்னவனூர்ப் பக்கத்திலும் ஊட்டியைச் சுற்றியும் செம்மறி வைத்திருப்பவர்களுக்கு, குட்டியின் வாயோரத்துப் பொருக்கிலிருந்து ஆர்ஃப் என்ற அம்மைக் குடும்பத்து வைரஸ் விரலில் ஏறும். ஒன்றிரண்டு முடிச்சு, நடுவில் வெளுத்து ஓரம் சிவந்து, பார்க்கச் சீழ்க்கட்டிபோலவே இருக்கும். எருமை அம்மை கறப்பவரின் கையில் இதேபோல வரும். உள்ளே சீழ் இல்லை, பிளேடால் கீறினால் நோய் பெருகுவதோடு பாக்டீரியாவும் புகும். மூடிக்கட்டி வைத்தால் ஒன்றரை மாதத்தில் தானாக உதிர்ந்துவிடும். உதிர்ந்த பொருக்கு கொட்டகையில் மாதக்கணக்கில் நோயைச் சுமந்து கிடக்கும், அதனால் வாய்ப்புண் உள்ள குட்டிக்குப் புட்டியில் பால் கொடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.